முட்டுக்கட்டையும் ஒரு புள்ளியும்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு முட்டுக்கட்டை என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். தரைத்தள மருந்தகத்தில் மருந்தாளுநர் வேலை. வார்டில் டாக்டர் எழுதும் மருந்துச் சீட்டு கீழே அவளிடம் வரும். மருந்து, அளவு, ஊசியா மாத்திரையா, எத்தனை வேளை, நோயாளியின் வயதுக்கும் எடைக்கும் ஒத்துவருமா என்று எல்லாம் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாள். ஒன்று புரியாவிட்டாலும் சீட்டு வந்த வழியே திரும்பிப் போகும்.

ஒருநாள் அவளுடைய மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து அங்கேயே வந்து படுத்தாள். எலும்பு டாக்டர் வலிக்கு ஊசி எழுதிவிட்டு ஆபரேஷனுக்குப் போய்விட்டார். சீட்டு கீழே வந்தது. ஐந்துக்கு முன்னால் இருந்தது புள்ளியா, பேனா பட்ட கறையா என்று தெரியவில்லை. புள்ளி என்றால் அரை மில்லிகிராம். இல்லையென்றால் அதைப்போல் பத்து மடங்கு; கிழவியின் மூச்சே அடங்கிவிடும்.

வார்டு நர்ஸ் போனில் கெஞ்சினாள். "அக்கா, அவர் எப்பவும் அரைதான் எழுதுவார். அனுப்பிடுங்க. உங்க மாமியார் துடிக்கிறாங்க."

"இன்னைக்கு நானா ஒரு புள்ளி வெச்சா, நாளைக்கு நானா ஒரு புள்ளியை எடுப்பேன். அவர் வாயால சொல்லட்டும்."

கணவன் மருந்தக ஜன்னலுக்கே வந்துவிட்டான். "வீட்டுச் சண்டையை இங்க வெச்சுத் தீர்த்துக்கிறியா?"

அது சுருக்கென்று தைத்தது. சீட்டோடு மாடியேறி, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று அளவைக் கேட்டாள்.

"அரை!" உள்ளிருந்து டாக்டர் கத்தினார். "இதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?"

"பூஜ்யம் புள்ளி ஐந்து மில்லிகிராம். சரியா சார்?"

"சரிம்மா, சரி."

அதைச் சீட்டிலேயே தெளிவாக எழுதிவைத்துவிட்டு மருந்தை அனுப்பினாள். ஊசி போட்டதும் மாமியார் அடங்கித் தூங்கிப்போனாள்.

நர்ஸ் ஊகித்தது சரியாகவே இருந்ததால், முட்டுக்கட்டை சொந்த மாமியாரையே கதறவிட்ட கதை ஆஸ்பத்திரி முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. கண்காணிப்பாளர் கூப்பிட்டார்.

"டாக்டர் எழுதினது சரிதானேம்மா. அவர்கிட்ட ஒரு வருத்தம் சொல்லிட்டா முடிஞ்சுது."

"வலியில கிடந்தவங்ககிட்ட சொல்லிட்டேன் சார். டாக்டர்கிட்ட எதுக்கு? அவர் முன்னாடி ஒரு பூஜ்யம் போட்டிருந்தா, அவங்க காத்துக் கிடந்திருக்கவே வேண்டாம்."

"அப்ப உங்களை இடம் மாத்த வேண்டியிருக்கும்."

"மாத்துங்க. எங்க போட்டாலும் படிச்சுப் பார்க்காம எதையும் தர மாட்டேன்."

குளுக்கோஸ் பாட்டில் பெட்டிகளை அடுக்கும் கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அவள் முகத்தைத் தொங்கப்போடவில்லை. காலாவதியான பெட்டிகளைத் தேடித்தேடித் திருப்பியனுப்பி அங்கேயும் நாலு பேரின் வயிற்றெரிச்சலைச் சம்பாதித்தாள். அவள் இடத்தில் உட்கார்ந்தவர் முன்பு அவளைக் கேலி செய்து சிரித்த ஆள்தான். சீட்டின் அடியில் தன் கையெழுத்து விழ ஆரம்பித்ததும் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. அவளையே கூப்பிடுங்கள் என்று கண்காணிப்பாளரிடம் கையெடுத்துக் கும்பிட்டாராம். எந்த வருத்தமும் தெரிவிக்காமலே அவள் ஜன்னலுக்குத் திரும்பினாள்.

எலும்பு டாக்டர் அவளோடு பேசுவதில்லை. வேண்டுமென்றே பூஜ்யத்தைக் கோழிமுட்டை அளவுக்குப் போட்டு அனுப்புகிறார். கோபத்தில் போட்டாலும் பூஜ்யம் பூஜ்யம்தானே என்று அவள் கையெழுத்துப் போடுகிறாள்.

மாமியார் இப்போது கைத்தடியோடு நடக்கிறாள். வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களிடமெல்லாம், "என் மருமக என்னைத் துடிக்க வெச்சா" என்று சொல்லாமல் விடுவதில்லை.

"ஆமா அத்தை, வெச்சேன்" என்பாள் இவள், எல்லார் முன்னாலும். "மறுபடியும் எழுத்து புரியலைன்னா மறுபடியும் வெப்பேன்."

"வெப்பே, வெப்பே" என்று முணுமுணுத்துக்கொண்டே கிழவி அவளிடமே மாத்திரைக்குக் கையை நீட்டுவாள். மகன் எடுத்துக் கொடுத்தால் மட்டும் வாயில் போட மாட்டாள்.