பதினேழு, இடமிருந்து வலம்

மூலக்குளத்தில் இருக்கும் என் நாத்தனார் ஸ்டெல்லா போன வாரம் கூப்பிட்டாள். பிரான்சில் வேலை பார்க்கும் அவள் மகன் லீவுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது தன் பழைய லாப்டாப்பை அவளிடம் விட்டுப் போயிருக்கிறான். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவளுக்குப் பொழுது நகர்வதே இல்லை.

"அண்ணி, இத வெச்சிக்கினு உருப்படியா என்னா பண்ணலாம்? சீரியல் பாக்க டிவியே போதும். பையன் ஒரு லிஸ்ட் அனுப்பிருக்கான். படம் வரையலாமாம், பாட்டு கட்டலாமாம், கதை எழுதலாமாம். மனசு அமைதியா இருக்குமாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்ப்யூட்டரில் நான் கற்றுக்கொண்ட ஒரே பொழுதுபோக்குக்கும் அமைதிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரு மனிதரைப் பழிவாங்குவதற்காகத்தான் அதைக் கற்றுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் அந்த லாப்டாப்பைத் திறந்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சூடேறி, லேசாகப் பிளாஸ்டிக் வாடை வந்தது. சேதராப்பட்டில் நான் முதன்முதலாக வேலைக்குப் போன கம்பெனிக்கும் இதே வாடைதான். பக்கெட், மக் எல்லாம் வார்க்கும் இடம். உருகிய பிளாஸ்டிக்கின் வாடை துணியில் ஏறி, வீட்டுக்கு வந்து தலை குளித்தாலும் போகாது. கம்ப்யூட்டர் அறைக்குள் மட்டும் ஏசி உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏதோ கோயிலுக்குள் போகிற மாதிரி நாங்களும் பயபக்தியோடுதான் போவோம். அங்கே நானும் ஜமீலாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவள் டிஸ்பாட்ச், நான் ஸ்டாக். எங்கள் இரண்டு பேருக்கும் மேலே தனபால் சார்.

அந்த வருஷம் எங்கள் வீடு இடிபட இருந்தது. இருபது வருஷம் வாடகைக்கு இருந்த வீடு. ஓனர் அபார்ட்மெண்ட் கட்டப் போகிறார் என்று மூன்று மாதம் தவணை கொடுத்திருந்தார். அந்த வீட்டின் முகப்பை ஒழுங்காக எடுத்த போட்டோ எங்களிடம் ஒன்றுகூட இல்லை. இருந்த போட்டோக்களில் எல்லாம் யாராவது கல்யாணக் கோலத்தில் வீட்டை மறைத்துக்கொண்டு நிற்பார்கள்.

எனக்குப் படம் வரைய வராது. ஆனால் எக்செல் தெரியும். கட்டங்களின் அகலத்தைச் சுருக்கிச் சதுரம் சதுரமாக ஆக்கி, ஒவ்வொன்றாக நிறம் போட ஆரம்பித்தேன். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தெருவில் நின்று, பச்சை ஜன்னலில் எத்தனை பலகை, அதில் எது உடைந்தது என்று எண்ணிக்கொள்வேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கட்டத்தில் நிரப்புவேன். மஞ்சள் சுவரில் மழை இறங்கிய கறைக்கு மட்டும் ஒன்பது விதப் பழுப்பு. மூன்று மாதத்தில் வீடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதற்குள் நிஜ வீட்டை இடித்தும் விட்டார்கள்.

இடித்த மறு வாரம், சாப்பாட்டு நேரத்தில் தனபால் சார் என் பின்னால் வந்து நின்றார். நான் கவனிக்கவில்லை.

"எல்லாரும் வாங்க, வந்து பாருங்க. மேடம் கோலம் போட்ருக்காங்க!"

நாலைந்து பேர் வந்தார்கள். சிரித்தார்கள். நானும் அசட்டுத்தனமாகச் சிரித்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அவர் குனிந்து மவுஸை என் கையிலிருந்து வாங்கினார். கோப்பை மூடினார். ஷிஃப்டையும் டெலீட்டையும் சேர்த்து அழுத்தினார்.

"இது வேலை செய்யற எடம்மா."

"சார், லஞ்ச் டைம்தான சார்" என்றாள் ஜமீலா.

"உன்ன கேட்டனா?"

பிளாப்பி, சிடி எதையும் கம்பெனிக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதால் அதற்கு நகல் கிடையாது. திரும்ப வரையலாம் என்றால் பார்த்து எண்ணுவதற்கு வீடும் இல்லை.

என் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். சாயங்காலமானால் கூட்டாளிகளோடு இரும்புக் குண்டு எறிந்து பெத்தாங் ஆடுவார். தோற்றால் வீட்டுக்கு வரமாட்டார். "ரெவான்ஷ்!", அதாவது பதிலடி, என்று இன்னொரு ஆட்டம் கேட்டு நிற்பார். நான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. "அந்த ஆளு எதுல கெட்டிக்காரன்?" என்று மட்டும் கேட்டார்.

தனபால் சார் குறுக்கெழுத்தில் கெட்டிக்காரர். திங்கட்கிழமைதோறும் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை, நிரப்பிய கட்டம் வெளியே தெரிகிற மாதிரி மடித்து மேஜைமேல் வைத்திருப்பார். பென்சில் தொடமாட்டார். சிவப்பு மைப் பேனாதான், அடித்தல் திருத்தல் இருக்காது.

அடுத்த மாதமே அப்பா பாகங்களை வாங்கிச் சேர்த்துக் கட்டிய ஒரு கம்ப்யூட்டரைப் புது வாடகை வீட்டில் கொண்டுவந்து வைத்தார். நான் குறுக்கெழுத்துப் போடக் கற்றுக்கொண்டேன். அதுவும் எக்செல்தான், அதே சதுரங்கள்தான். நிறத்துக்குப் பதில் எழுத்து. முதலில் போட்டவை மகா மட்டம். 'நான்கு கால் உள்ளது' என்று குறிப்புக் கொடுத்துவிட்டு விடையாக 'மாடு' என்று வைத்தேன். ஜமீலா படித்துவிட்டு, "நாற்காலின்னு கூடத்தான் எழுதலாம், அதுக்கும் நாலு காலுதான" என்றாள். ஆனால் ஒரு நாள், 'பாட்டு, கால் இடறி விழுந்தால் சேலையாகும்' என்ற குறிப்பு எனக்கு வந்தது. பாட்டின் துணைக்கால் விழுந்தால் விடை, பட்டு. அன்றைக்கு வீட்டுக்குள் தனியாகக் குதித்தேன். பழிவாங்கும் வேலையில் இப்படி ஒரு சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதல் முழுக் கட்டம் தயாரானதும் ஜமீலா அதைக் கேண்டீன் நோட்டீஸ் போர்டில் குத்திவைத்தாள். கீழே 'எறும்பு' என்று மட்டும் போட்டிருந்தேன். பதினொரு மணி டீக்கு வந்த தனபால் சார் பார்த்தார். பேனாவைத் திறந்தார். டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார். "யாரு இந்த எறும்பு? பரவால்லியே" என்றார்.

எட்டு வாரம் அவருக்குத் தீனி போட்டேன். திங்கட்கிழமை டீ நேரத்தில் பேக்கிங் பெண்கள், டிரைவர்கள், மெஷின்காரர்கள் எல்லாம் போர்டைச் சுற்றி நிற்பார்கள். அவர் குறிப்புகளை உரக்கப் படித்துக்கொண்டே நிரப்புவார். நான் ஒரு மூலையில் டீ குடித்தபடி அவர் கையைப் பார்ப்பேன். முதலில் மேலிருந்து கீழ் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் இடமிருந்து வலத்துக்கு வருவார். ஒரு வாரமும் இது மாறவில்லை.

ஒன்பதாவது கட்டத்தை இந்தப் பழக்கத்தை வைத்துத்தான் போட்டேன். இடமிருந்து வலம் பதினேழாம் குறிப்புக்கு நாலு எழுத்து விடை. நாலிலும் மேலிருந்து கீழாக ஒரு சொல் வந்து சேர வேண்டும். தவளை, பாவாடை, கடல் சுலபமாகக் கிடைத்தன. 'ன'வில் முடிகிற சொல்லுக்கு இரண்டு நாள் தவித்தேன். "என்ன, இன்னும் முடியலியா?" என்று அப்பா கேட்டார். கிடைத்துவிட்டது. 'என்ன'.

அந்தத் திங்கட்கிழமை அவர் வழக்கம்போல மேலிருந்து கீழ் நிரப்பிக்கொண்டே வந்தார். தவளையின் த. என்னவின் ன. பாவாடையின் பா. கடலின் ல். அவரே, அவர் கையாலேயே, சிவப்பு மையில். பிறகு இடமிருந்து வலத்துக்கு வந்து உரக்கப் படித்தார்.

"பதினேழு. செல்வத்தோடு பசு கொடுப்பதும் சேர்ந்தால், அடுத்தவர் கோப்பை அழித்துவிட்டுச் சிரிப்பவர்..."

நிறுத்தினார். அந்தக் கட்டம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. பேக்கிங்கில் இருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டினாள். "த... ன... பா... அய்யோ, சாரு பேரு!" கேண்டீனே சிரித்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் அதற்கு ஈடான சத்தத்தை நான் கேட்டதில்லை, என் கல்யாண மேளம் உட்பட.

அவர் கோபப்படவில்லை. பாக்கியிருந்த மூன்று குறிப்புகளையும் வாய்க்குள் படித்து நிரப்பினார். பேனாவை மூடினார். போகும்போது என் பக்கத்தில் நின்றார். யார் எறும்பு என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ.

"நல்லா போட்ருக்கம்மா. ஆனா அது என்னா ஃபைலு?"

நடிக்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. மூன்று மாத வீட்டை ஒரு நொடியில் அழித்த மனிதர், அதை ஒரு வாரம்கூட மனதில் வைத்திருக்கவில்லை.

"ஒண்ணுமில்ல சார்" என்றேன். மறுநாளே என்னைக் கம்ப்யூட்டர் அறையிலிருந்து ஸ்டோர்ஸுக்கு மாற்றினார். அங்கே கேட் பாஸ் எழுத வேண்டும், கையால். அதுகூட எனக்கு வலிக்கவில்லை. அந்தக் கேள்விதான் வலித்தது. வஞ்சம் தீர்ந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் அது புதிதாக முளைத்தது.

சில வருஷங்களில் கம்பெனியை மூடினார்கள். ஆளுக்கொரு பக்கம் போனோம். நான் குறுக்கெழுத்தை விடவில்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று போட்டு ஜமீலாவுக்குக் கொடுப்பேன். அவளைத் தவளக்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஒரு நாள் அவளைப் பார்க்கப் போய் பஸ்ஸை விட்டு இறங்கினால், நிழற்குடையில் தனபால் சார் உட்கார்ந்திருந்தார். இளைத்து, காலர் கழுத்தில் நிற்காமல். அவர்தான் முதலில் பார்த்தார்.

"எறும்புதான?"

"ஆமா சார்."

"இப்ப எதனா போடறியாம்மா? பேப்பர்ல வர்றதெல்லாம் சப்புனு இருக்குது. உன்னோடது மாரி ஒண்ணு கெடைக்கல. அந்தப் பதினேழ இன்னும் நெனைச்சிக்குவேன்." பேசிக்கொண்டே அவர் கை சட்டைப் பையில் இருந்த பேனாவுக்குப் போனது.

என் பையில் மூன்று தாள்கள் இருந்தன, அன்று காலையில் பிரிண்ட் எடுத்தவை.

"இல்ல சார். அதெல்லாம் வுட்டு ரொம்ப வருஷம் ஆச்சு."

கை பேனாவிலிருந்து இறங்கியது. "அப்பிடியா" என்றார். அவர் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு குழந்தைக்குக் காட்டுவது போல எனக்குக் கை காட்டினார். நான் காட்டவில்லை.

ஜமீலாவிடம் சொன்னபோது, "ஒண்ணு குடுத்திருக்கலாமில்ல?" என்றாள்.

"ஏன் குடுக்கணும்?"

 மறு வருஷம் அவர் போய்விட்டார் என்று அவள்தான் போனில் சொன்னாள்.

நான் வருந்துகிறேன் என்று இந்த இடத்தில் நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இல்லை. ஆனால் இருந்ததை இருந்தபடி சொல்ல வேண்டும். சேதராப்பட்டில் அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது லாரி நிறுத்துகிறார்கள். கேண்டீன் சுவர்கூட மிச்சமில்லை. என் கட்டங்கள் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேருக்குப் போகின்றன. கட்டை விரல் தூக்கிக் காட்டுகிறார்கள், சூப்பர் என்கிறார்கள், பாதியில் விட்டுவிடுகிறார்கள். கடைசிக் கட்டம் வரை நிரப்பி, ஓர் எழுத்தையும் அடித்துத் திருத்தாமல், ஒருவரும் திருப்பி அனுப்புவதில்லை.