மூன்று சொட்டுப் பெற்றோல்

என்னுடைய மோட்டார் சைக்கிளை இடது பக்கம் திருப்பினால் ஹோர்ன் தானாக அடிக்கும். ஹாண்டிலுக்குள் எங்கோ ஒரு வயர் உரசுகிறது என்று கராச்காரர் சொன்னார். மூன்று தரம் திருத்தினார். மூன்று தரமும் ஒரு கிழமைக்கு மேல் அது நிலைக்கவில்லை. பிறகு நான் அதை அதன் போக்கில் விட்டுவிட்டேன். ஒரு காகம்கூட இல்லாத ஒழுங்கைகளில் நான் ஹோர்ன் அடித்துக்கொண்டு திரும்புவேன். பார்க்கிறவர்கள் எனக்குத் தலைக்கனம் என்று நினைத்தார்கள்.

எண்பத்துநாலில் அதை வாங்கினேன். அப்போதே அது இரண்டு பேரிடம் அடிபட்டு வந்த சாமான். நான் விவசாயப் போதனாசிரியர். சுன்னாகத்தைச் சுற்றியிருக்கும் வெங்காயத் தோட்டங்களுக்குப் போய், எந்த மருந்தை எவ்வளவு அடிக்க வேண்டும் என்று, என்னைவிட நன்றாக அது தெரிந்த ஆட்களுக்குச் சொல்வது என் வேலை. மாதம் ஒரு தரம் கூட்டத்துக்குக் கரவெட்டிக்குப் போக வேண்டும். வழியில் வல்லை வெளி என்ற வெட்டைவெளியில் ஏறியதும் காற்று பக்கவாட்டில் வந்து சைக்கிளை ரோட்டுக் கரைக்குத் தள்ளும். நான் அதை மறுபக்கம் சரித்துக்கொண்டு ஓட்டுவேன். இலேசில் சிரிக்கிற ஆள் இல்லை நான். மனைவியைக் கேட்டால் சொல்லுவாள். ஆனால் அந்த வெளியில் தனியே சிரித்துக்கொண்டு போயிருக்கிறேன், பலமுறை.

போன தூரத்தில் அரைவாசி ஓட்டியது, மிச்சம் தள்ளியது. கிளச் கேபிள் அறும். செயின் கழலும். பிளக் கரி பிடித்துச் சந்தைக்கு முன்னால் நின்றுவிடும். உதைக்கிற பெடல் சில நாட்களில் வழுக்கிக் கணுக்காலில் அடிக்கும். "உந்தச் சனியனைக் கட்டி அழுறதுக்கு ஒரு மாடு வாங்கியிருக்கலாம், பாலாவது தரும்," என்பாள் மனைவி. நான் கோபப்பட்டுக் கத்துவேன். கத்திவிட்டு முற்றத்தில் சாக்கை விரித்து அதைக் கழற்ற உட்காருவேன். என் கை முழுக்க எண்ணெயாக இருக்கும் அந்த நேரங்களில் எனக்குள் ஒரு குறையும் இருக்கவில்லை.

தொண்ணூறில் மறுபடியும் சண்டை தொடங்கிக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. தோட்டக்காரர்கள்தான் வழி காட்டினார்கள். அவர்களுடைய தண்ணீர் இறைக்கும் மெசின்கள் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. மோட்டார் சைக்கிளும் அப்படியே ஓடும் என்றார்கள். ஓடியது. தாங்கி நிறைய மண்ணெண்ணெய். காலையில் காற்று இழுக்கும் குழாயைக் கழற்றி உள்ளே மூன்று சொட்டுப் பெற்றோல் விட்டு, உடனே உதைக்க வேண்டும். இயந்திரம் சூடானபின் மண்ணெண்ணெயே போதும். சூடு ஆறிவிட்டால் மறுபடியும் மூன்று சொட்டு வேண்டும். ஆகவே சைக்கிள் வைத்திருந்த எல்லாரிடமும் ஒரு சின்னப் போத்தல் இருந்தது. சிலர் ஷாம்பு போத்தல் வைத்திருந்தார்கள். எங்களுடையது மனைவி கண்ணுக்கு மருந்து விட்ட பிளாஸ்டிக் போத்தல். அமத்தினால் அளவாகச் சொட்டும்.

அந்தப் போத்தலுக்குப் பொறுப்பு என் மகள். அப்போது அவளுக்கு நாலு வயது. வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டாள். "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணிச் சொட்டு விட்டுவிட்டு, "உதையுங்கோ அப்பா!" என்று கத்துவாள். வெள்ளைப் புகை முற்றத்தை மூடும். மனைவி குசினி யன்னலைச் சாத்துவாள். மகளைத் தாங்கியில் முன்னால் இருத்தி ஒழுங்கையில் ஒரு சுற்று வருவேன். இடப்பக்கம் திரும்பும்போது ஹோர்ன் அடிக்கும், அவள் துள்ளுவாள். அதற்காகவே நான் வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்திலும் இடப்பக்கம் திரும்பியிருக்கிறேன்.

தொண்ணூற்றுமூன்றில், பள்ளிக்கூட மதிலடியில் குண்டு விழுந்த கிழமை, மனைவி முடிவெடுத்தாள். கொழும்பில் அவளுடைய அண்ணை இருந்தார். குடாநாட்டை விட்டு வெளியேற அவளுக்கும் மகளுக்கும் இயக்கத்தின் பாஸ் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. என் வயது ஆம்பிளை போவதென்றால் திரும்பி வருவான் என்று இன்னொருவர் பிணை நிற்க வேண்டும். பிணை நிற்கக்கூடிய என் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள். "பிறகு வாறன்" என்றேன். எப்போது என்று அவள் கேட்கவில்லை.

ரோட்டுப் பாதை அடைபட்டிருந்ததால் போகிற வழி கிளாலிக் கடல், இரவில் படகில் கடக்க வேண்டும். மனைவி பெட்டிகளோடு வாடகை வான் ஒன்றில் போனாள். மகள் வானில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்து, போத்தலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னோடு சைக்கிளில் வந்தாள். அன்றைக்குப் பார்த்து அந்தச் சைக்கிள் ஒரு குழப்படியும் செய்யவில்லை. கொடிகாமம் தாண்டி மணல் ரோட்டிலும் அது கிண்ணென்று ஓடியது. பாதி வழியில் நின்றிருக்கலாமே என்று வாழ்க்கையில் முதல் தரம் நினைத்தேன்.

வழியனுப்ப வந்தவர்கள் ஒரு பனங்கூடலோடு நிற்க வேண்டும். அங்கிருந்து கரைக்கு உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் ஆட்களை ஏற்றிப் போவார்கள். மெசின் வர இரண்டு மணித்தியாலம் காத்திருந்தோம். மனைவி அரிசி எங்கே, மிளகாய்த்தூள் எங்கே என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மகள் சைக்கிளின் பக்கத்தை விட்டு அசையவில்லை.

"அப்பா, எஞ்சின் சூடு ஆறிட்டுதோ?"

நான் கையை வைத்துப் பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் இருக்குது."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். "ஓம், ஆறிட்டுது," என்றேன். அவள் தலையை ஆட்டினாள். மெசின் வந்தது. தூக்கிப் பெட்டியில் ஏற்றிவிட்டேன். எல்லாப் பிள்ளைகளும் கை காட்டினார்கள். அவள் காட்டவில்லை. ஒரு கை சட்டைப் பைக்குள் இருந்தது. மற்றக் கையால் தாயின் சீலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெசின் பனைகளுக்குப் பின்னால் மறைந்தது.

பொழுது சாயமுன் எங்களைத் திரும்பிப் போகச் சொன்னார்கள். குழாயைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினேன். நீட்டிய பிறகுதான் போத்தல் தர ஆளில்லை என்பது உறைத்தது. என் பைகளைத் தடவினேன். மணலில் தேடினேன். சும்மா உதைத்துப் பார்த்தேன், பெடல் வழுக்கிக் கணுக்காலில் அடித்தது. பக்கத்தில் இரண்டு மூன்று சைக்கிள்காரர்கள் நின்றார்கள். கேட்டிருந்தால் மூன்று சொட்டுத் தந்திருப்பார்கள். அழுகை முட்டிய அந்த முகத்தோடு யாரிடமும் போய் எதையும் கேட்க எனக்கு மனம் வரவில்லை. தள்ளத் தொடங்கினேன்.

மணலில் மூன்று மைல் தள்ளினேன். ஒரு வளைவில் இடப்பக்கம் திருப்ப, பற்றரியில் மிச்சமிருந்த கரண்டில் ஹோர்ன் மெல்ல முனகியது. அதோடு என்னால் முடியவில்லை. சைக்கிளை ஒரு வடலிப் பனையோடு சாய்த்து வைத்துவிட்டு நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். யாரும் இல்லை என்று நினைத்துத்தான் அழுதேன்.

மிதி சைக்கிளில் கரைப்பக்கம் போய்க்கொண்டிருந்த ஒருவர் இறங்கினார். குருநகர்க்காரர். மீன் பிடித்த ஆள், இப்போது கிளாலியில் சனம் ஏற்றும் படகொன்றில் வேலை. கழுத்தில் சிலுவை தொங்கியது.

"என்ன தம்பி, எண்ணெய் முடிஞ்சுதோ?"

"எண்ணெய் இருக்குது. பெற்றோல் போத்தலைப் பிள்ளை மறந்துபோய்க் கொண்டு போயிட்டுது."

"எங்கை?"

"படகுக்கு."

அவர் கரைப்பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். படகு இயந்திரமும் இதே வைத்தியத்தில்தான் ஓடுகிறது. மூன்று சொட்டு விட்டார். உதைத்தேன், வந்தது.

"பிள்ளை என்ன சட்டை போட்டிருக்கு? நான் அங்கைதான் போறன். வாங்கி வைச்சு நாளைக்குத் தரலாம்."

மஞ்சள் சட்டை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையில் என்னுடைய ஒரு சாமான் இருக்கிறது, அதைப் போய்ப் பறிப்பானேன் என்று தோன்றியது. "வேண்டாம் அண்ணை, அது அவவோடையே இருக்கட்டும்," என்றேன்.

அவர்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு மாதத்தின் பின் கடிதம் வந்தது. மனைவியின் எழுத்துக்குக் கீழே, மகளுடைய கொட்டை எழுத்தில் ஒரே ஒரு வரி: "அப்பா மோட்டச்சைக்கிள் ஸ்டாட் வந்ததா?" பாவம், போத்தலை மறந்து கொண்டுபோனதை நினைத்துப் பிள்ளை கவலைப்படுகிறது என்று எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. உடனே பதில் எழுதினேன். "ஒரே உதையில் வந்தது. அப்பா கெட்டிக்காரன் அல்லவா? ஒரு கரைச்சலும் இல்லாமல் சந்தோசமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்." அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் அவள் சைக்கிளைப் பற்றிக் கேட்கவில்லை. பாடசாலை, படிப்பு, இப்படிக்கு மகள். பிள்ளைகள் எல்லாவற்றையும் சீக்கிரம் மறப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் இப்படியே போனது. அந்த இரண்டு வருடமும் நான் அதிகம் கதைத்தது அந்தச் சைக்கிளோடுதான். சொல்ல வெட்கமில்லை. விடிய எழும்பி அதனிடம், "என்ன, இண்டைக்கு வருவியோ, மாட்டியோ?" என்று கேட்பேன். புதுப் போத்தல் ஒன்று எடுத்து, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று நானே எண்ணுவேன். உதை என்று சொல்ல ஆளில்லை. பங்கீட்டு மண்ணெண்ணெயில் விளக்குக்கு விடவேண்டியதையும் அதற்கே ஊற்றினேன், இருட்டினால் படுத்துவிடுவேன். ஒரு நாள் கராச்காரர் ஹோர்ன் வயரை முழுதாக மாற்றித் தருகிறேன் என்றார். நான் அவரோடு சண்டைக்குப் போய்விட்டேன். அந்த மனுசன் திகைத்துப்போய் நின்றார். அது தெருவில் எங்காவது நின்றால் யாராவது வந்து இரண்டு வார்த்தை கேட்பார்கள். ஒரு கிழமை அது பழுதில்லாமல் ஓடினால் அந்தக் கிழமை என்னோடு யாரும் கதைத்திருக்கமாட்டார்கள்.

தொண்ணூற்றைந்து தொடக்கத்தில் சில மாதங்கள் வெடிச் சத்தம் ஓய்ந்திருந்தது. ஒரு வெங்காயத் தோட்டக்காரர் எனக்குப் பிணை நின்றார். பதினைந்து நாளில் வருவதாகச் சொல்லி, சைக்கிளைக் கொட்டிலில் விட்டு வெங்காயச் சாக்குகளால் மூடிவிட்டு வெளிக்கிட்டேன். நான் திரும்புமுன் சண்டை மறுபடியும் தொடங்கிப் பாதை அடைபட்டது. அந்த வருடக் கடைசியில், எங்கள் ஊர் இருந்த வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. அந்தச் சைக்கிளை நான் பிறகு காணவில்லை.

கொழும்பில் நான் போய் இறங்கியபோது மகளுக்கு ஒன்பது வயது. கதவு நிலையில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்தாள். கிட்ட வரவில்லை. மனைவி தேத்தண்ணி போடப் போனதும் உள்ளே போய் எதையோ எடுத்து வந்து என் முன்னால் மேசையில் வைத்தாள். கண் மருந்துப் போத்தல். பெற்றோல் எப்போதோ ஆவியாகியிருந்தது, மூடி மட்டும் இறுக்கிப் பூட்டியபடி இருந்தது.

"மறந்துபோய்க் கொண்டு வந்ததை இவ்வளவு நாளும் பத்திரமா வைச்சிருந்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"மறக்கேல்லை," என்றாள். "வேணுமெண்டுதான் கொண்டு வந்தனான்."

"ஏன் குஞ்சு?"

"ஸ்டாட் வராட்டி உங்களாலை வீட்டை போகேலாது. எங்களோடை வந்து போட்டிலை ஏறுவீங்கள் எண்டு நினைச்சன்." அவள் போத்தலை விரலால் உருட்டினாள். "ஆனா ஒரே உதையிலை வந்தது எண்டு எழுதினீங்கள். சந்தோசமா வீட்டை போனது எண்டும்."

எஞ்சின் ஆறிவிட்டதா என்று அவள் இரண்டு தரம் கேட்டது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மகளைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து அந்த இரண்டு வரிப் பொய்யை எழுதியவன் நான். அதை இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தவள் அவள். உண்மையைச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்து அவசர அவசரமாகச் சொன்னேன்.

"அது பொய்யம்மா. ஸ்டாட் வரேல்லை. அப்பா மூண்டு மைல் மணலுக்குள்ளை தள்ளிக்கொண்டு போனனான். வழியிலை இருந்து அழுதனான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. ஒரு கணக்கு ஏன் பிழைத்தது என்று கேட்கிற பிள்ளையின் முகம்.

"தள்ளுறதெண்டால் எங்கடை பக்கம் தள்ளியிருக்கலாம்தானே, அப்பா."