மீனம்மா வயிற்றில் ஒளித்தது

மலாக்காவில், குருபோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மீனம்மாவின் வயிற்றைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. வாயு என்றாள் ஒருத்தி. வேலைக்குக் கள்ளம் என்றார் கங்காணி ராமையா. அவருக்கென்ன, குனிந்து பாலுக்கு மரம் வெட்டுகிறவரா அவர்? அடிமரத்தில் வெட்டக் குனிந்தாலே அவளுக்குப் புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறி எரியும்.

அது மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். காட்டிலிருப்பவர்கள் கைக்குப் போய்விடும் என்று, முள்வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறு கொண்டுபோக விடமாட்டார்கள். வேலை முடியும்வரை தாங்க வேண்டுமே என்று, விடியுமுன்பே எண்ணெயில் பொரித்த கருவாட்டோடு வயிறு முட்டத் தின்றுவிட்டுப் போவாள். வலி வந்தால் பசி என்று நினைத்து, மறுநாள் இன்னும் ஒரு கை கூடுதலாகத் தின்பாள். வலி விலாவுக்கடியில் குத்தி முதுகுக்கு ஏறும்.

"இன்னொரு நாள் படுத்தியின்னா ஒன் நெரைய வேற ஆளுக்குக் குடுத்துருவேன்லா!" என்றார் கங்காணி. புருஷனை இழந்தவளுக்கு அந்த மரவரிசைதான் பிழைப்பு.

மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவளைக் கேட்டில் காவல்காரன் மாயாண்டி மறித்தான்.

"வயித்துல என்னத்த ஒளிச்சு வச்சிருக்க? சோத்துப் பொட்டலமா?"

பெண்களைச் சோதிப்பவள் மடியை உதறிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மீனம்மா அங்கேயே சுருண்டு விழுந்தாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸர் சபாரத்தினம் ஓடிவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"கண்ணெல்லாம் மஞ்சளாக் கிடக்கு. பித்தப்பையில கல்லு போல. மலாக்கா பெரியாஸ்பத்திரிக்குப் போகத்தான் வேணும், பிள்ளை."

"கத்தி வச்சாப் பொழைப்பேனாங்கய்யா?"

"வைக்காட்டித்தான் எனக்குப் பயம்."

லாரியில் ஏற்றினார்கள். இனி எங்கே திரும்பப் போகிறாள் என்று லயத்து வீட்டுச் சனமே அழுதது. கங்காணி நிரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். மனுஷன் சொன்ன சொல் தவறாதவர்!

அறுத்த புண் ஆறி, எண்ணெய்ப் பண்டத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு மீனம்மா திரும்பி வந்தாள். காலையில் வெட்டுக்கத்தியோடு கேட்டுக்கு வந்து, கங்காணி பார்க்க, மாயாண்டியிடம் ஒரு சின்ன போத்தலை நீட்டினாள். உள்ளே கொண்டைக்கடலை போலக் கற்கள்.

"ஒளிச்சு வச்சிருந்தது இதான்ணே. நல்லாச் சோதிச்சுக்க."

மாயாண்டிக்கு முகம் தொங்கிவிட்டது. அவள் போத்தலைக் கங்காணி மூக்குக்கு நேரே குலுக்கினாள்.

"என் கள்ளத்தையும் பாத்துக்குங்க கங்காணி. இப்ப நெரையக் குடுங்க."

சுற்றி நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கங்காணி நிரைப் பக்கம் கையைக் காட்டி, "போ, போய் வெட்டு" என்றார்.

மீனம்மா தன் முதல் மரத்தடியில் குனிந்தாள். புளித்த தண்ணீர் ஏறவில்லை, சிரிப்புதான் வந்தது.