கேலனுக்கு இரண்டு காசு

பெட்ரோல் கடையில் வேலை பார்ப்பவனிடம் சொந்தமாக ஓட்ட ஒரு காடி இருக்காது. ஆனால் விலை ஏறினால் ஊர் முதலில் முறைப்பது அவனைத்தான். சிராங்கூன் ரோட்டில் ஐம்பதுகளின் கடைசியிலிருந்து எட்டு வருஷம் முறைப்பு வாங்கியவன் நான். எண்ணெய் போடுவது, கண்ணாடி துடைப்பது, விலை மாறினால் ஏணியில் ஏறிப் பலகையில் தகர எண்களை மாற்றுவது, இவை என் வேலை. அப்போது நானும் மனைவி பாக்கியமும் மகளும் மச்சான் வீட்டுக் கூடத்தில் ஒரு திரைக்குப் பின்னால் குடியிருந்தோம். கதவு உள்ள ஓர் அறை வாடகைக்கு வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. வாடகை கொடுத்துக் குடியிருந்தவர்களுக்கு இது புரியும்.

கத்திரிக்காய்க் கணக்கு

கிராஞ்சியிலிருந்து தேக்கா சந்தைக்குக் காய்கறி ஏற்றிவரும் லாரிக்கார முத்தையா அண்ணன், நான் ஏணியை எடுத்தாலே வண்டியை நிறுத்திவிடுவார். ஒருமுறை கேலனுக்கு இரண்டு காசு ஏறியது. அன்று சாயங்காலமே சந்தையில் கத்திரிக்காய் ஒரு கட்டி எடைக்கு ஐந்து காசு கூடியிருந்தது. மறுநாள் அவரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு லாரிக் காயும் இரண்டு மூன்று கேலனில் வந்துவிடுகிறதே, இது என்ன நியாயம் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அது லாரிக்குத் தெரியும் தம்பி, கத்திரிக்காய்க்கு எப்படித் தெரியும்?"

ஜோகூர் போகும் வழி

ஒரு சமயம் கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜோகூரில் நம்மூரைவிட எண்ணெய் கொஞ்சம் மலிவு என்று பேச்சு கிளம்பியது. எங்கள் கடை ஈ ஓட்டியது. காத்தோங்கில் குடியிருந்த வக்கீல் ஒருவர் மட்டும் சனிக்கிழமைதோறும் வந்து சரியாக ஒரு கேலன் போடச் சொல்வார். எதற்கு என்றால், ஜோகூர் போய்ச் சேர! அங்கே மிச்சமாகும் காசு இந்த ஒரு கேலனுக்கே கட்டாது என்று பணிவாகத்தான் சொன்னேன். படித்த மனிதர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மிச்சம் பிடிக்கணும்னா முதல்ல கொஞ்சம் செலவு பண்ணத்தான் வேணும்பா."

தலைகீழ் ஆறு

தகரத் தகடுகளில் மேலும் கீழும் துளை இருக்கும், எப்படியும் மாட்டலாம். ஒரு நாள் துடைத்துவிட்டு அவசரத்தில் ஆறைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். ஒன்பதாகிவிட்டது. முதலாளி வந்து கத்தும்வரை எனக்குத் தெரியாது. அதற்குள் மணி பத்து. ஏணியை எடுக்குமுன் அவருக்குத் தேத்தண்ணி வாங்க எதிரே சரபத் கடைக்குப் போனால் ஐந்து காசு கூடக் கேட்டார் பாய். பெட்ரோல் ஏறிவிட்டதாம்! அடுப்பு எரிவதோ கரியில். தப்பு என்னுடையது, இப்போதே போய்த் திருப்பிவிடுகிறேன் என்று கெஞ்சினேன்.

"நீ திருப்பு லா, நான் பெயிண்ட்ல எழுதிட்டேன்."

சம்பளம்

அறை வாடகைக்குப் பத்து வெள்ளி குறைந்தது. முதலாளியிடம் சம்பளம் கூட்டிக் கேட்டேன். விலை ஏறிக் கிடக்கிறது, யார் எண்ணெய் போடுகிறார்கள், இறங்கட்டும் பார்க்கலாம் என்றார். நம்பினேன். நான்கு மாதம் கழித்து உண்மையிலேயே இறங்கியது. எண்ணை மாற்றிய கையோடு, தகர அழுக்கைக்கூடத் துடைக்காமல் அவர் முன்னால் போய் நின்றேன்.

"விலை இறங்கிப்போச்சேப்பா, இனிமே எனக்கு லாபம் ஏது?"



கெர்பாவ் ரோட்டு அறை

பாக்கியம் ரவிக்கை தைத்துச் சேர்த்த காசில்தான் கடைசியில் ஓர் அறை அமைந்தது. கெர்பாவ் ரோட்டில் மாடியறை, கதவும் ஜன்னலும் உண்டு. முன்பணத்தோடு சாயங்காலம் வரச் சொல்லியிருந்தார் வீட்டுக்காரர். அன்று பார்த்து மறுபடி விலையேற்றம். நாளைக் காலைக்குள் மாட்டினால் போதும் என்றார் முதலாளி. காலையில் அறைக்குச் சாமான் கொண்டுபோக வேண்டுமே என்று, மத்தியானமே மாட்டி முடித்தேன். சாயங்காலம் வீட்டுக்காரர் முன்பணத்தைத் தொடவில்லை. வருகிற வழியில் எங்கள் பலகையைப் பார்த்தாராம். எல்லாம் ஏறும்போது அறை மட்டும் சும்மா இருக்குமா என்று மாத வாடகையில் எட்டு வெள்ளி கூட்டினார். அறை என்ன எண்ணெய் குடித்தா ஓடுகிறது என்று சத்தம் போட்டேன். முடியாதென்றால் ஆள் காத்திருக்கிறது என்று கதவைச் சாத்தினார். எட்டு வெள்ளிக்கு நான் எங்கே போவேன்?

பாக்கியம் முன்பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு படி இறங்கினாள். தெருவுக்கு வந்ததும் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"ஏங்க, நாளைக்கு மாட்டியிருக்கக் கூடாதா?"

பெட்ரோல் விலையைப் பார்த்தே ஒரு நாட்டின் நிலைமையைச் சொல்லிவிடலாம் என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். சொல்லலாம்தான், அதை ஊற்றிக்கொடுப்பவனின் நிலைமையைத் தவிர.