சால்வையின் மூலை

"பத்து... அஞ்சு... ஆறு..." முடிச்சுக்கு முடிச்சு மாறும் சுற்றுக் கணக்கை உதட்டுக்குள் எண்ணியபடி வெள்ளை நூலைச் சுற்றுகிறார் நெகோராய். சந்தில் யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தால் விரல் நின்றுவிடும். சத்தம் கடந்துபோனதும் சுற்றியதையெல்லாம் பிரித்து, மறுபடி முதலிலிருந்து.

எருசலேம் சந்தைக்குப் பின்னால் கடை. யூதர்கள் போர்த்தும் ஜெபச் சால்வைகளின் நான்கு மூலைக்கும் குஞ்சம் கட்டுவது தொழில். ஆறடி உயரம், ஐம்பத்தெட்டு வயது. பூனை குறுக்கே ஓடினாலும் திடுக்கிடுவார். வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்ததே இல்லை.

இயேசுவைத் தங்கள் மீட்பரான மேசியா என்று நம்பும் யூதர் அவர். ஓய்வுநாளும் விடவில்லை, பஸ்காப் பண்டிகையும் விடவில்லை. "யேசுவா நம்ம ஆளுங்க. அவரு சால்வையிலயும் குஞ்சம் தொங்குச்சு. அதை விட்டுட்டு அவரைப் படிச்சா பாதிதான் புரியும்" என்பார், குரலைத் தாழ்த்தி.

பெத்லகேம் பக்கத்து அரபுக் கிறிஸ்தவ நர்ஸ் விதாத், அந்த மீதிப் பாதிக்காகத்தான் செவ்வாய் மதியங்களில் வருகிறாள். போன மாதம் சந்துச் சுவரெல்லாம் வைதீக யூதர்கள் ஒட்டிய நெகோராயின் படம். கீழே, 'மதம் மாத்தி ஆத்துமா பிடிக்கிறவன். இவன் கட்டிய குஞ்சம் செல்லாது.' அன்றிலிருந்து கடைக்கு ஆள் வருவது குறைந்தது.

"நிழலைப் பாத்தே நடுங்குற மனுசனுக்கு எதுக்குங்க இந்த வம்பு?" என்றாள் மனைவி சில்லா. அவரும் விதாத்துக்குப் போன் செய்து, "கொஞ்ச நாள் வராதம்மா" என்றார்.

அவள் வந்தாள். "பாதியில விட்டா எனக்குத் தூக்கம் வராதுண்ணே."

பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கால் துன்பப்பட்ட பெண், இயேசுவின் ஆடை ஓரத்தைத் தொட்ட இடத்தை அன்று படித்தார்கள். "ஓரம்னா தையல் விளிம்பு இல்லம்மா. இந்த மூலை, இந்தக் குஞ்சம். எங்க பாஷையில மூலைக்கும் சிறகுக்கும் ஒரே வார்த்தை. மேசியாவோட சிறகுல சுகம் இருக்கும்னு தீர்க்கதரிசி சொன்னது அவளுக்குத் தெரியும். அதான் கூட்டத்துல முட்டி மோதி அதைப் போய்ப் பிடிச்சா."

விதாத் அதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது வாசல் இருண்டது. வைதீகர்களின் கறுப்புத் தொப்பி வைத்த மூன்று இளைஞர்கள். ஒருவன் கதவைச் சாத்தி அதில் சாய்ந்துகொண்டான். மற்றொருவன் அலமாரியிலிருந்த சால்வைகளைக் கையால் வாரித் தரையில் தள்ளினான்.

"யோவ் பெரியவரே, இவ யாரு?"

நெகோராய் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார். "வாடிக்கை..." என்றார்.

"இவளுக்கு எதுக்குய்யா ஜெபச் சால்வை?" அவன் விதாத்தின் நோட்டைப் பிடுங்கினான். "எழுதுனது யாரு? நீயா? உளவு பாக்க வந்தியா?"

அவள் முகம் வெளுத்ததை நெகோராய் பார்த்தார். எழுந்தார்.

"அவளை விடு. நான்தான் சொல்லிக் குடுத்தேன். யேசுவா நம்ம மேசியா. நம்ம வேதத்தை வச்சுத்தான் சொன்னேன்."

அவன் நெகோராயின் மூக்குக்கு அருகே வந்து மூச்சுவிட்டான். அடி விழும் என்று நெகோராய் கண்ணை மூடிக்கொண்டார். விழவில்லை. நோட்டு இரண்டாகக் கிழியும் சத்தம் கேட்டது. பிறகு குரல்: "வீடு எங்கன்னு தெரியும்."

போய்விட்டார்கள். நெகோராய் நாற்காலியில் விழுந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விதாத் கிழிந்த தாள்களைப் பொறுக்கினாள். "நான் கிளம்பட்டுமாண்ணே?"

அவர் வேதப் புத்தகத்தை இழுத்து, விட்ட வரியில் ஆள்காட்டி விரலை வைத்தார். விரல் நடுங்கி அடுத்த வரிக்கு ஓடியது. இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்து, அந்த வரிக்கே திரும்பக் கொண்டுவந்தார்.