சீனியருக்குக் கிடைத்த இடம்

வரலாற்றுத் துறைப் பிள்ளைகள் அவளை 'சீனியர்' என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் நாள் அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது, புதிதாக வந்த பேராசிரியை என்று நினைத்து மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. அவள் பதறிப்போய், "உட்காருங்க, உட்காருங்க" என்று சொல்லித் தொலைக்க, பிள்ளைகள் ஆசிரியைதான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். கடைசி பெஞ்சில் போய் அவள் பையை வைத்த பிறகுதான் விஷயம் புரிந்து சிரிப்பு வெடித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அவளுடைய மகள்.

ஆமாம், மகளும் அதே வகுப்புதான். அவளைக் கல்லூரியில் சேர்த்ததே மகள்தான். கல்யாணத்தால் பாதியில் நின்றுபோன படிப்பைப் பற்றி அம்மா வீட்டில் வாயே திறந்ததில்லை. ஆனாலும் மகளுக்கு அட்மிஷன் போடப் போன இடத்தில், அலுவலகப் பெண் வயது வரம்பெல்லாம் இல்லை என்று யாருக்கோ சொன்னதைக் கேட்டு அம்மாவின் முகம் போன போக்கை மகள் பார்த்துவிட்டாள்.

"அம்மா, உனக்குக் கிளினிக் வேலை சாயந்திரம்தானே? பகல் முழுக்க வீட்ல என்ன பண்ணப்போறே? வா, கூடவே சேரு."

"என்னடி விளையாடுறியா? ஊர் சிரிக்கும்."

"சிரிச்சுட்டுப் போகட்டும். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்."

அப்படித்தான் சேர்ந்தாள். காலையில் கல்லூரி. சாயந்திரம் பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜை. தாடையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை உட்காரவைப்பது, "வலிக்குமா?" என்று கேட்கிறவர்களிடம் "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று கூசாமல் பொய் சொல்வது, போனை எடுப்பது, இவைதான் வேலை. உள்ளே துளைபோடும் மெஷின் கத்திக்கொண்டிருக்க, மேஜைக்கு அடியில் புத்தகத்தை விரித்துப் படிப்பாள். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "எங்க வீட்ல ரெண்டு பேர் காலேஜ் போறாங்க, நான் மட்டும்தான் மேலேயும் கீழேயும் போறேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இரண்டாம் ஆண்டில் ஆனர்ஸ் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். துறையிலிருந்து விரல்விட்டு எண்ணக்கூடிய பேர்தான். அவர்களுக்கு மாடியில் தனி அறை. நீள மேஜை, சுற்றிலும் நாற்காலி, சுவர் நிறையப் புத்தகம். ஒரு பேராசிரியரின் கீழ் சொந்தமாக ஆராய்ச்சி செய்யலாம். மகளுக்கு அந்த அறைமேல் முதல் ஆண்டிலிருந்தே கண். படியேறிப் போகும்போதெல்லாம் கதவுக் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்க்காமல் நகர மாட்டாள். எந்த நாற்காலி தன்னுடையது என்றுகூடத் தோழிகளிடம் சொல்லிவைத்திருந்தாள். அவளுக்குக் கிடைக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, அம்மாவுக்கு உட்பட.

"நீயும் எழுதும்மா" என்றாள் மகள். "நேர்காணலுக்கு வெளியில தனியா உட்கார்ந்திருந்தா எனக்குப் பயமா இருக்கும். துணைக்கு வா."

துணைக்குத்தான் போனாள். கட்டுரை எழுதினாள். நேர்காணலில் மூன்று பேராசிரியர்கள் கேட்டதற்கெல்லாம் கிளினிக்கில் போன் பேசுகிற மாதிரி பதற்றமில்லாமல் பதில் சொன்னாள். ஒரு கேள்விக்கு, "தெரியலைங்க, ஆனா தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்கு" என்றாள். அவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இழக்க ஒன்றுமில்லாதவளுக்கு என்ன பயம்? மகள்தான் உள்ளே போய்விட்டு முகம் வெளுத்து வந்தாள். மனப்பாடம் செய்துவைத்ததில் பாதியில் தொலைந்துபோனாளாம். "பரவாயில்லைம்மா, நல்லாத்தான் பண்ணேன்" என்றாள், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

அடுத்த வாரம் மாடி வராந்தாவில் துறைத்தலைவர் மேடம் எதிரே வந்தார். நின்றார்.

"உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னு இருந்தேன். உங்க பொண்ணுக்கு இந்தத் தடவை அமையல. வருத்தம்தான். ஆனா நீங்க வந்துட்டீங்க. உங்க கட்டுரைதான் எல்லாத்திலயும் முதல்."

அவள் சிரித்தாள். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை. உச்சி குளிர்ந்து, வாயெல்லாம் பல்லாக, சின்னப் பிள்ளைபோலக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மகளுக்கு அமையவில்லை என்பது காதில் விழாமல் இல்லை. விழுந்தது. அதற்குப் பிறகும்தான் சிரித்தாள்.

திரும்பினால், தூண் பக்கத்தில் மகள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"வாழ்த்துகள்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்று சாயந்திரம் கிளினிக்கில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்றே சீனியருக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளையின் தட்டில் கைவைத்துவிட்டு அதே வாயால் சிரித்தும் தொலைத்தோமே என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. இடம் கிடைத்ததையாவது தற்செயல் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சிரிப்புக்கு என்ன சாக்கு சொல்வது?

வீட்டில் சண்டை வந்திருந்தால்கூடத் தேவலை. வரவில்லை. மகள் கேட்டதற்குப் பதில் சொன்னாள், போட்டதைச் சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள். விருந்தாளிபோல நடந்துகொண்டாள். காலையில் முன்னதாகவே கிளம்பி வேறு பஸ்ஸில் போனாள். அம்மா அவளுக்குப் பிடித்ததாகவே தினமும் சமைத்தாள். "நல்லா இருக்கும்மா" என்பதோடு சரி.

"என்னங்க, அவகிட்ட நீங்களாவது பேசக்கூடாதா?"

"நான் பன்னிரண்டாவது தாண்டாத ஆளு. உங்க யுத்தத்துக்கு நடுவுல வந்தா ரெண்டு பக்கமும் அடி வாங்குவேன்" என்றார் வீட்டுக்காரர். ஆனால் அன்று யாரிடமும் அவர் ஜோக் அடிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சீனியர் அந்த முட்டாள்தனத்தைச் செய்தாள். யாரிடமும் சொல்லாமல் துறைத்தலைவர் அறைக்குப் போய் நின்றாள்.

"மேடம், எனக்கு இது வேண்டாம். வயசாகிப்போச்சு. என் இடத்தைப் பொண்ணுக்குக் குடுத்துடுங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இது உங்க வீட்டுச் சொத்து இல்லைங்க, எழுதிவைக்கிறதுக்கு. நீங்க விலகினா வரிசையில அடுத்து இருக்கிறவருக்குப் போகும். அது உங்க பொண்ணு இல்லை."

"கொஞ்சம் மனசு வைங்க மேடம். அவ ரொம்ப ஆசைப்பட்டா."

"ஆசைப்பட்டது தெரியும். அதனாலதான் சொல்றேன். நீங்க வந்து கேட்டது அவளுக்குத் தெரிய வேண்டாம்."

ஆனால் அறைக்கதவு திறந்திருந்தது. வெளியே உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குக் காது இருந்தது. மதியத்துக்குள் துறை முழுக்கப் பரவிவிட்டது.

மகள் அன்று கிளினிக்குக்கே வந்துவிட்டாள். நோயாளிகளுக்கு நடுவே கடைசி நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள். கடைசி ஆளும் உள்ளே போனதும் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

"எனக்காகப் பிச்சை கேட்டியாம்மா?"

"அப்படி இல்லடி..."

"எனக்குக் கிடைக்கல, சரி. அழுதுட்டு எந்திரிச்சிருப்பேன். இப்ப எல்லாரும் என்னைப் பார்த்து 'ஐயோ பாவம்'ங்கிறாங்க. உன்னை யாரு கேட்கச் சொன்னா?"

"உனக்கு நல்லது பண்ணணும்னுதான்..."

"பொய். அன்னைக்குச் சிரிச்சதுக்குப் பரிகாரம் தேடினே. எனக்காகப் போகல, உனக்காகத்தான் போனே."

உள்ளே மெஷின் நின்றிருந்தது. சீனியர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அம்மாக்கள் வழக்கமாகச் சொல்கிறதெல்லாம் தொண்டைவரை வந்தது. நீ சந்தோஷமா இருந்தாத்தான் நான் சந்தோஷமா இருப்பேன், அது இது என்று. அத்தனையையும் விழுங்கிக்கொண்டாள்.

"ஆமா" என்றாள். "சந்தோஷமா இருந்துச்சு. உன்னைவிட நல்லா எழுதியிருக்கேன்னு தெரிஞ்சப்ப ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. உனக்குக் கிடைக்கலைன்னும் தெரியும். தெரிஞ்சும் இருந்துச்சு. என்ன ஜென்மம் நான்னு இருக்கு."

மகள் எதிரே இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இதை முதல்லயே சொல்லியிருந்தா என்ன?"

"எந்த அம்மாடி இதை வாயால சொல்லுவா?"

"எனக்கும் வயிறு எரியுதும்மா. உன்னைப் பார்த்தாலே எரியுது. அது இப்போதைக்குப் போகாது போல."

"சரி."

"நீ அந்த வகுப்புக்குப் போ. போகாம இருந்தியோ, அதுக்கும் நான்தான் காரணம்னு ஆகும். ஆனா வீட்ல அதைப் பத்தி என்கிட்டப் பேசாதே."

டாக்டர் கைகளைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "யாரும்மா, உங்க பொண்ணா? பல்லு ஏதும் வலியா?" என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "இல்ல டாக்டர்" என்றார்கள்.

சீனியர் போனாள். முதல் நாள் அந்த நீள மேஜையில் உட்காரும்போது உடம்பே கூசியது. படிக்கப் படிக்கக் கூச்சம் குறைந்தது. குறைவதை நினைத்தும் கூச்சப்பட்டாள். நன்றாகவே படித்தாள். அங்கே நடந்ததில் ஒரு வார்த்தைகூட மகளிடம் பேசவில்லை. படித்ததைச் சொல்ல ஆளில்லாமல் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு பழைய அரசுகளின் வரிவிதிப்பைப் பற்றி விளக்குவாள். அவர் பாவம், தலையாட்டிக்கொண்டே தூங்கிவிடுவார். மகள் சாதாரணப் பிரிவிலேயே படிப்பை முடித்தாள். நாளாக ஆக ஒரே பஸ்ஸில் வந்தார்கள், கடைக்குப் போனார்கள், வாய்ச்சண்டை போட்டார்கள். எல்லாம் பழையபடிதான் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். முக்கால்வாசி உண்மை.

பட்டம் வாங்கிய பிறகு மகள் சட்டம் படிக்க நுழைவுத் தேர்வு எழுதினாள். முடிவு வந்த அன்று அவள் தோழி வீட்டில் இருந்தாள். அப்பாவுக்குத்தான் முதலில் போன் செய்தாள். அவர் ஹாலில் நின்று கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இந்தா, அம்மாகிட்டப் பேசு" என்று போனை நீட்டினார்.

"அம்மா, கிடைச்சிடுச்சு."

சீனியருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. மகள் ஜெயித்த சந்தோஷம்தான். கூடவே, அப்பாடா, இனி நாம் தப்பித்தோம் என்ற நிம்மதியும் அதில் பாதிக்குக் கலந்திருந்தது. அது அவளுக்கே தெரிந்தது.

"என்னம்மா, சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்லடி" என்றாள், முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு. "நீ முதல்ல வீட்டுக்கு வா."