மாமியார் குந்தி எழுந்த கதை

படப்பைக்குப் பக்கத்தில் எங்கள் மாமியார் வீட்டு நிலமெல்லாம் கிடங்குகளாகி வாடகை வந்துகொண்டிருக்கிறது. எழுபதைத் தாண்டிய மாமியார் ஒரே ஒரு மாட்டை மட்டும் விடவில்லை. புல் அறுப்பது, சாணம் அள்ளுவது, குந்தி உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவே குவளையை இடுக்கிப் பால் கறப்பது எல்லாம் அவரேதான். தாம்பரத்தில் ஆபீஸ் நாற்காலியிலேயே வாழும் எனக்கு, பார்த்தாலே மூட்டு வலிக்கும்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து மருத்துவமனையில் படுத்தார். திரும்பியபோது காலில் சதையே இல்லை. என் கணவரும் கொழுந்தனாரும் பாசத்தைக் கொட்டினார்கள். உயரமான கட்டில், கைவைத்த நாற்காலி, உதவிக்கு ஒரு பெண்.

"நீ கம்முனு உக்காரும்மா, நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொண்ட அழகில், கட்டிலை விட்டு எழுவதற்கே அவருக்கு ஆள் வேண்டியதாயிற்று. எனக்கு எரிச்சலான எரிச்சல்.

மாடோ வேறு யார் கிட்டே போனாலும் உதைத்தது. பாலெல்லாம் கன்றுக்கே போயிற்று. பொங்கல் கழித்து விற்றுவிடலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். மாமியார் சண்டை போடவில்லை.

"அதுக்குள்ள நானே கறந்துட்டா?"

"கறந்தா விக்கல" என்றார் என் கணவர், சிரித்துக்கொண்டே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். மாமியார் மாடு கட்டும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, பாதி குந்துவதும் எழுவதுமாக இருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"அவனுங்க கைல சொல்லாத. பேஜார் பண்ணுவானுங்க."

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. போகப் போக முழுசாகக் குந்தினார். சாணக் கூடை மறுபடி அவர் இடுப்புக்கு வந்தது. உதவிக்கு வந்த பெண் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொங்கல் கழிந்தது. விற்கிற வீட்டுக் கயிறு மாட்டோடு போகக்கூடாது என்பதால், மாட்டை வாங்க வந்தவர் புதுக் கயிற்றோடு வந்து நின்றார். மாமியார் கன்றை ஊட்டவிட்டு, மடியைக் கழுவிவிட்டுக் குந்தினார். விழுந்தால் பிடிக்கலாம் என்று நானும் பக்கத்தில் குந்தினேன். குவளை நுரை தளும்ப நிறைந்தது. பிறகு, கம்பத்தைத் தொடாமல் எழுந்து நின்றார். வாங்க வந்தவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார். புதுக் கயிறு பைக்குள் திரும்பிப் போயிற்று.

நான் மட்டும் இன்னும் கீழேயே இருந்தேன். முழங்கால் பிடித்துக்கொண்டது.

"இன்னா பாத்துகினு கீற, கைய குடு" என்று மாமியார் குனிந்து என்னைத் தூக்கிவிட்டார்.